இருநாள் தங்கலும் இல்லறத்தார் அளவும்

பள்ளி விடுமுறை வந்தால் குடும்பத்துடன் இரண்டு நாள் ஏதேனும் ஒரு நகரத்துக்குச் சென்று வருவது இன்று நம் சமூகத்து இல்லங்களிலும் வழக்கமாகிவிட்டது. முன்னர் நாம் ஊரைவிட்டுப் புறப்பட்டதெல்லாம் திருமணத்துக்காக, துக்கத்துக்காக, அல்லது மேல்சித்தாமூர்த் தேர்த் திருவிழாவுக்காக. உறவினர் வீட்டுத் திண்ணையும் மடத்துக் கூடமும் நமக்குத் தங்குமிடங்களாயின. இன்று நம் மக்கள் பணியின் பொருட்டு ஜினாலயம் இல்லாத ஊர்களிலும் உறவினர் இல்லாத நகரங்களிலும் வாழ்கின்றனர். எனவே தங்குமிடத்தை விலை கொடுத்துப் பெறவேண்டிய நிலை. விலை என்று வந்தபின், எந்த விலை என்னும் வினாவும் உடன் வருகிறது. இரண்டு நாள் உல்லாசப் பயணத்துக்கு ஐந்து நட்சத்திர விடுதி தகுமா? சிறிய வினாவே. ஆயினும் இல்லறத்தார் நோன்பு பெரிய வினாக்களில் மட்டும் சோதிக்கப்படுவதில்லை.

இவ்வினாவுக்கு நம் இல்லங்களில் இரண்டு விடைகள் எளிதாகக் கிடைக்கின்றன. "நேர்மையாக ஈட்டிய பணம் இருக்கிறது, தங்கினால் என்ன?" என்பது இளையோர் விடை. "ஆடம்பரம் நமக்கு ஆகாது" என்பது முதியோர் விடை. முதல் விடை பணத்தைப் பார்த்தது. இரண்டாவது விடை விடுதியின் வாயிலைப் பார்த்தது. உள்ளே செல்லும் மாந்தரையோ, அவர்கள் செல்லும் நோக்கத்தையோ இரண்டும் பார்க்கவில்லை. ஆகவே இவ்வினாவைச் சற்று நிதானமாக ஆராய்வது நலம்.

நூல் காட்டும் அளவு

இல்லறத்தார்க்கு நம் ஆசாரியர்கள் பன்னிரு விரதங்களை வகுத்தனர். ஐந்து அணுவிரதம், மூன்று குணவிரதம், நான்கு சிட்சாவிரதம் என்பது நம் சிறுவரும் அறிந்த கணக்கு. அவற்றுள் போகோபபோக பரிமாணம் என்பதைச் சமந்தபத்திர ஆசாரியர் தம் இரத்தினகரண்டக சிராவகாசாரத்தில் குணவிரதமாக வைத்து விளக்குகிறார். அந்நூலின் வழியைத் தமிழில் தருவது நம் அருங்கலச்செப்பு. ஒருமுறை துய்த்து முடிவன போகம். உணவும் பூவும் போல்வன. மீண்டும் மீண்டும் துய்க்கப்படுவன உபபோகம். உடையும் படுக்கையும் போல்வன. இவ்விரண்டுக்கும் தனக்குத் தானே ஓர் எல்லை கட்டிக்கொள்வதே இவ்விரதம்.

இதில் நாம் கூர்ந்து நோக்கவேண்டியவை இரண்டு. ஒன்று, எவற்றுக்கு அளவு கட்டவேண்டும் என்று ஆசாரியர் தரும் பட்டியல். உணவு, ஊர்தி, படுக்கை, நீராடல், பூச்சு, பூ, தாம்பூலம், உடை, அணி, காமம், இசை, பாட்டு என்று அது நீள்கிறது. பெரிய விடுதி ஒன்றின் விளம்பரத் தாளை இதனுடன் ஒப்பிட்டுப் பாருங்கள். வாயிலில் காத்திருக்கும் கார், பல வகை உணவு, மெத்தை, நீச்சல் குளம், நறுமண எண்ணெய்ப் பூச்சு, மாலையில் இசை. ஏறத்தாழ அதே பட்டியல்! விடுதிக்காரர் எவற்றை விற்கிறாரோ அவற்றையே ஆசாரியர் எண்ணி வைத்திருக்கிறார். மனித மனம் எங்கெங்கே அளவை இழக்கும் என்பதை இருவருமே அறிந்திருக்கின்றனர்.

மற்றொன்று, கால எல்லை. வாழ்நாள் முழுமைக்கும் விடுவது யமம். குறித்த காலத்துக்கு விடுவது நியமம். இன்று ஒருநாள், ஒரு பகல், ஓர் இரவு, ஒரு பக்கம், ஒரு திங்கள் என்று நியமத்துக்குரிய காலங்களும் எண்ணப்பட்டுள்ளன. ஆகவே இரண்டு நாள் பயணம் விரதத்துக்கு விடுமுறை அன்று. இரண்டு நாளுக்கென்றே ஒரு நியமம் கொள்ள நூலில் இடம் இருக்கிறது. "வெளியூர் வந்தால் இதெல்லாம் பார்க்க முடியுமா?" என்று நம்மவர் சொல்வதற்கு நூல் முன்னரே விடை தந்திருக்கிறது.

இவ்விரதம் ஒருவர் பொருளுக்கு ஏற்ற அளவை வெளியிலிருந்து விதிக்கவில்லை என்பதையும் குறித்துக்கொள்ளவேண்டும். இத்தனை ரூபாய்க்கு மேல் பாவம் என்று எந்த ஆசாரியரும் கூறவில்லை. அளவைக் கட்டுபவர் அதைக் கைக்கொள்பவரே. கட்டவேண்டிய காலம் மட்டும் தெளிவானது. துய்ப்பு தொடங்குமுன் கட்டவேண்டும்.

தங்குமிடம் தானமாக இருந்த காலம்

நம் நூல்கள் தங்குமிடத்தைத் துய்ப்புப் பொருளாக எண்ணியதோடு நிற்கவில்லை. கொடைப் பொருளாகவும் எண்ணின. வையாவிருத்தியத்தைக் கூறுமிடத்தில் சமந்தபத்திரர் உணவு, மருந்து, உபகரணம் ஆகியவற்றுடன் உறைவிடத்தையும் சேர்த்து நான்கு கொடைகளாகக் காட்டுகிறார். தமிழகத்தில் இதற்குக் கல்லே சான்று.

நாம் வாழும் தாடிக்கொம்பு குடகனாற்றங்கரையில் உள்ள ஊர். சௌந்தரராசப் பெருமாள் கோயிலால் பலரும் இதனை அறிவர். இவ்வூரில் ஜினாலயம் இல்லை. ஆனால் இதே திண்டுக்கல் மாவட்டத்தில், பழனிக்கு அருகே, ஐவர்மலை இருக்கிறது. பழைய பெயர் அயிரை மலை. இயற்கைக் குகைத்தளத்தின் மேற்புறத்தில் தீர்த்தங்கரர் திருவுருவங்கள் வரிசையாகச் செதுக்கப்பட்டுள்ளன. பாண்டியன் இரண்டாம் வரகுணன் காலத்தில், சக ஆண்டு 792இல், அதாவது கி.பி. 870இல், பொறிக்கப்பட்ட கல்வெட்டு ஒன்று அங்குள்ளது. குணவீரக் குரவடிகளின் மாணாக்கர் சாந்திவீரக் குரவர் பார்சுவநாதர் திருவுருவத்தையும் இயக்கியர் உருவங்களையும் புதுப்பித்து, திருவமுதுக்கும் ஓர் அடிகளின் உணவுக்குமாக 505 காணம் பொன் வைத்தார் என்பது அதன் செய்தி. ஓர் அடிகள், ஒரே ஒருவர். அவர் நாள்தோறும் உண்ணும் உணவுக்கு வழி செய்ததைக் கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள்.

மதுரையைச் சுற்றிலும் இவ்வாறே. மாங்குளம் மலையில் கணிநந்த என்னும் துறவிக்காக அமைத்த உறைவிடக் கல்வெட்டுகள் கி.மு. இரண்டாம் நூற்றாண்டைச் சேர்ந்தவை என்பர் அறிஞர். பாண்டியன் நெடுஞ்செழியனின் பணியாளரும் வெள்ளறை வணிகக் குழுவினரும் அங்கே கொடையாளிகள். அழகர்மலைக் குகையில் உப்பு வணிகர், பாணிதம் என்னும் பாகு விற்றவர், கொழு விற்றவர், அறுவை விற்றவர், பொன்கொல்லர் ஆகியோர் பெயர்கள் உள்ளன. முத்துப்பட்டியிலும் கொங்கர்புளியங்குளத்திலும் பாறையைச் சமன் செய்து, தலைப்பக்கம் சிறிது உயர்த்தி அமைத்த கற்படுக்கைகளை இன்றும் காணலாம்.

அவ்வணிகர்கள் வறியவர் அல்லர். தம் வீடுகளில் நல்ல கட்டிலில்தான் உறங்கியிருப்பர். அவர்களைத் துறவிகளாக்கிப் பேசுவது உண்மையாகாது. அவர்கள் இல்லறத்தார், ஈட்டினர், துய்த்தனர், கொடுத்தனர். தமக்கு வேண்டிய படுக்கை ஒன்று, பிறர்க்கு அமைக்கவேண்டிய படுக்கை ஒன்று என்று இரண்டையும் எண்ணினர் என்பதே நமக்குப் பாடம். பள்ளி என்னும் ஒரே சொல் தமிழில் படுக்கையையும் துறவோர் உறைவிடத்தையும் கல்விக்கூடத்தையும் குறிக்கிறது. அச்சொல்லை நமக்குத் தந்தவர்களின் வழியில் வந்தோர் தங்குமிடத்தைப் பற்றி எண்ணும்போது, "எனக்கு என்ன கிடைக்கும்?" என்பதோடு நிறுத்திவிடலாகாது.

மதுரையில் இரண்டு நாள்

இனி நடைமுறைக்கு வருவோம். திண்டுக்கல்லிலிருந்து மதுரை ஏறத்தாழ 65 கிலோமீட்டர். இப்பகுதிக் குடும்பங்களுக்கு நகரம் என்றால் முதலில் மதுரைதான். அங்கே எல்லா நிலையிலும் விடுதிகள் உள்ளன. பசுமலையின் மேல் தாஜ் குழுமத்தின் கேட்வே விடுதி இருக்கிறது. கோச்சடையில் ஹெரிடேஜ் மதுரை இருக்கிறது; இலங்கையின் புகழ்பெற்ற கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவா 1970களில் மதுரை கிளப்புக்காக வடிவமைத்த கட்டடம் அதன் பகுதி. அறையை ஒட்டித் தனிக் குளம் அமைந்த மனைகளும் அங்கு உண்டு. அழகும் தூய்மையும் நல்ல பணியும் இத்தகைய இடங்களில் கிடைக்கும் என்பதை மறுக்க வேண்டியதில்லை. குறை கூறுவதற்காக நாம் எழுதவில்லை. நமக்குப் பொருந்துமா என்று அறிவதற்காகவே எழுதுகிறோம்.

நடுவண் அரசின் சுற்றுலா அமைச்சகம் விடுதிகளுக்கு நட்சத்திரத் தகுதி வழங்குகிறது. அறையின் பரப்பு, வசதிகள், பணியாளர் சேவை முதலியவற்றைக் கணக்கிட்டு அத்தகுதி தரப்படுகிறது. விடுதியில் என்ன உண்டு என்பதை நட்சத்திரம் சொல்லும். நமக்கு என்ன வேண்டும் என்பதை அது சொல்லாது. அதை நாமே சொல்லவேண்டும்.

ஆசிரியப் பயிற்சிக்கு வருவோர்க்கு முதலில் கற்பிப்பது ஒன்று உண்டு. பாடக்குறிப்பு எழுதும்போது முதலில் பாடத்தின் நோக்கத்தை எழுதவேண்டும். துணைக்கருவிகள் பின்னர்தான் வரும். நல்ல படம் கையில் இருக்கிறது என்பதற்காகப் பாடத்தை மாற்றக்கூடாது. பயணத்துக்கும் இதுவே முறை. எதற்காகச் செல்கிறோம் என்பதை ஒரு தாளில் எழுதிவிட்டால் எங்கே தங்குவது என்பதில் பாதி தெளிந்துவிடும்.

மதுரையைக் காண்பதே நோக்கம் எனில், காலத்தைக் கணக்கிட்டுப் பாருங்கள். பெரும்பாலான பெரிய விடுதிகளில் பிற்பகல் 2 மணிக்கு அறை தருவர். காலை 11 அல்லது 12 மணிக்கு விடவேண்டும். சனிக்கிழமை 2 மணி முதல் திங்கள் 11 மணி வரை 45 மணி நேரம். இரண்டு இரவின் உறக்கம், குளியல், உடை மாற்றம் ஆகியவற்றைக் கழித்தால் விழித்திருக்கும் நேரம் பாதிக்குச் சற்றே மேல். அந்த நேரத்தில் கீழக்குயில்குடிச் சமணர்மலை, திருமலை நாயக்கர் அரண்மனை, இராணி மங்கம்மாள் அரண்மனையில் 1959இல் தொடங்கிய காந்தி நினைவு அருங்காட்சியகம், 2023இல் திறக்கப்பட்ட கீழடி அருங்காட்சியகம், அதே ஆண்டில் திறக்கப்பட்ட கலைஞர் நூற்றாண்டு நூலகம் ஆகியவற்றைக் காணவேண்டும். காணச் சென்றால் விடுதியின் குளமும் தோட்டமும் வெறுமனே கிடக்கும். விலை மட்டும் நம்முடையது. "கொடுத்த பணத்துக்குத் துய்க்கவேண்டும்" என்று விடுதியிலேயே இருந்துவிட்டால், மதுரைக்குப் போனதன் பயன் என்ன? குறுகிய பயணத்தில் ஊரும் விடுதியும் ஒரே நேரத்துக்காகப் போட்டியிடுகின்றன. இது அறத்துக்கு முன்னரே வரும் எளிய கணக்கு.

பணத்தின் கணக்கும் மறைக்கவேண்டியதன்று. ஐவர் கொண்ட குடும்பத்துக்கு இரண்டு அறைகள், இரண்டு இரவுகள் என்று கொள்வோம். எடுத்துக்காட்டாக, ஓர் இரவுக்கு 9,000 ரூபாய் அறை எனில் 36,000 ரூபாய். ஓர் இரவுக்கு 7,500 ரூபாய்க்கு மேற்பட்ட அறைகளுக்குச் சரக்கு மற்றும் சேவை வரி 18 விழுக்காடு. ஆக 6,480 ரூபாய் வரியும் சேர்ந்து 42,480 ரூபாய் ஆகிறது. ஓர் இரவுக்கு 3,000 ரூபாய் அறை எனில் 12,000 ரூபாய். 2025 செப்டம்பர் 22 முதல் இத்தகைய அறைகளுக்கு வரி 5 விழுக்காடே; 600 ரூபாய் சேர்ந்து 12,600 ரூபாய். வேறுபாடு 29,880 ரூபாய். பெரிய விடுதிகளின் உணவகங்களிலும் 18 விழுக்காடு வரி உண்டு. பிற உணவகங்களில் பெரும்பாலும் 5 விழுக்காடுதான். 7,500 ரூபாயில் அரசு ஒரு கோடு கிழித்திருக்கிறது. அது வருவாய்க்கான கோடு. விரதத்தின் கோட்டை நாம் வேறோர் இடத்திலும் கிழிக்கலாம். கிழிக்காமல் இருப்பதுதான் தவறு.

உணவும் நீரும்

நம் குடும்பங்களுக்கு விடுதியில் எழும் முதல் இடர் உணவு. இங்கே ஒரு செய்தியை நடுநிலையோடு கூறவேண்டும். வட இந்தியச் சமணர்கள் நெடுங்காலமாகக் கேட்டுப் பெற்றதன் பயனாக, "ஜெயின் உணவு" என்றால் வெங்காயம், பூண்டு, கிழங்கு இல்லாத உணவு என்பதைப் பெரிய விடுதிச் சமையற்காரர்கள் அறிந்திருக்கிறார்கள். முன்கூட்டிச் சொன்னால் தனியே சமைத்துத் தருவோரும் உளர். நடுத்தர விடுதியில் இதைச் சொன்னால் சில வேளை நம்மை வியப்பாகப் பார்ப்பர். எந்நாளும் கிழங்கு விலக்குவோர்க்கும், அட்டமி சதுர்த்தசி நாள்களில் மட்டும் விலக்குவோர்க்கும் இது ஒரு வசதியே.

ஆயினும் அதே சமையற்கூடத்தில் ஊனும் சமைக்கப்படுகிறது. காலையுணவுக் கூடத்தில் இட்டிலிக்கு அடுத்த தட்டில் முட்டையும் இறைச்சியும் இருக்கும். ஒரு தட்டின் கரண்டி மறு தட்டுக்குப் போவதைத் தடுக்க யாரும் இல்லை. இரவுணவு பெரும்பாலும் 7 மணிக்குமேல்தான் தொடங்கும். இருட்டுமுன் உண்ணும் முதியவர் அறைக்கு வரவழைத்துத் தனியே உண்ண வேண்டியிருக்கும். மதுரையில் நல்ல சைவ உணவகங்களுக்குக் குறைவில்லை. மாலை 6 மணிக்கு அங்கே சூடான இட்டிலி கிடைக்கும். உணவைப் பொறுத்தவரை, விலை உயர உயர நமக்குப் பொருத்தமும் உயரும் என்று கொள்வதற்கில்லை.

எவ்வளவு வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளும் விருந்துமேசை பற்றி ஒரு சொல். அங்கே அளவு கட்டுவது விடுதி அன்று, நாம்தான். குழந்தைகள் தட்டை நிறைத்துப் பாதியை விட்டெழுவதை அங்கே நாள்தோறும் காணலாம். "பணம் கொடுத்தாயிற்று" என்னும் எண்ணம் நாவின் எல்லையை அழித்துவிடுகிறது. வீட்டில் ஒரு பருக்கையைத் தட்டில் விட்டால் கடியும் நாம், அங்கே கண்டுகொள்ளாமல் இருப்பது எப்படி முறையாகும்?

அடுத்தது நீர். நீரே உயிர்களின் உடல் என்று கற்றவர்கள் நாம். வடிகட்டிப் பருகுவதும் வேண்டும் அளவே புழங்குவதும் நம் தாய்மார் கற்பித்த அறம். தாடிக்கொம்பில் இருப்போர் குடகனாறு ஆண்டின் பெரும்பகுதி மணலாகக் கிடப்பதைக் காண்கிறோம். திண்டுக்கல் நகரம் ஆத்தூர்க் காமராசர் நீர்த்தேக்கத்தை நம்பி வாழ்கிறது. இந்நிலத்தில் வாழ்பவர்க்கு ஒரு குடும்பத்துக்கென்று ஒரு தனிக்குளம் என்பது வெறும் வசதியாகத் தோன்றாது. அதைப் பார்த்தவுடன் ஒரு தயக்கம் எழவேண்டும், அத்தயக்கமே அறிவு.

வசதியின் விலை விடுதிச் சீட்டில் முழுவதும் எழுதப்படுவதில்லை என்பதைத் திண்டுக்கல் மக்களுக்கு யாரும் கற்பிக்க வேண்டியதில்லை. இங்கே பதனிட்ட தோல் எங்கோ ஒருவர்க்கு அழகிய இருக்கையாயிற்று. அதன் கழிவு இங்குள்ள கிணறுகளில் இறங்கிற்று. தமிழகத் தோல் பதனிடும் ஆலைகளின் மாசு குறித்து 1996 ஆகஸ்டு 28இல் உச்ச நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பு நாடறிந்தது. வாங்குபவர் ஓரிடத்தில், இன்னல் உறும் உயிர் வேறிடத்தில். அகிம்சையை மேற்கொண்டோர் அந்த வேறிடத்தையும் நினைக்கக் கடமைப்பட்டவர்கள்.

யாருடைய எளிமை?

இதுவரை கூறியதைக் கேட்டு, "ஆகவே எளிய இடமே போதும்" என்று முதியோர் மகிழ்ந்துவிடக்கூடும். அவர்களிடம் ஒரு வினா கேட்கவேண்டும். அந்த எளிமையின் வேலையைச் செய்பவர் யார்?

எங்கள் இல்லத்தில் இப்பேச்சு எழுந்தபோது, சமைத்து உண்ணும் வசதியுள்ள ஓர் எளிய இடத்தில் தங்கலாம் என்பது ஒருவர் கருத்து. பெரிய விடுதியே வேண்டும் என்பது பேரப்பிள்ளைகள் கருத்து. மருமகள் ஒன்றும் சொல்லவில்லை. கேட்டபோது சொன்னாள்: "எனக்கு நீச்சல் குளமும் வேண்டாம், பெரிய மெத்தையும் வேண்டாம் அத்தை. நாளைக்கு என்ன சமையல் என்று இரண்டு நாள் யாரும் என்னைக் கேட்காமல் இருந்தால் போதும்."

இச்சொல்லில் முழு ஆராய்ச்சியும் அடங்கியிருக்கிறது. அவள் விரும்பியது ஆடம்பரம் அன்று, ஓய்வு. காலை 5 மணிக்கு எழுந்து அடுப்பேற்றி, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பி, தானும் பணிக்குச் சென்று, இருட்டுமுன் உணவு என்பதற்காக மாலையில் ஓடி வந்து மீண்டும் அடுப்பேற்றுகிறவள் அவள். வீட்டின் இரவுண்ணாமை நோன்பு எல்லோருடையதும். அதைக் காக்கும் ஓட்டம் பெரும்பாலும் ஒருத்தியுடையது. அப்படிப்பட்டவளை மதுரைக்கு அழைத்துச் சென்று, அங்கும் அடுப்பின் முன் நிறுத்திவிட்டு, நாம் எளிமையாகத் தங்கினோம் என்று கூறிக்கொள்வது நோன்பாகுமா? துறப்பவர் தம்முடையதைத்தான் துறக்கலாம். பிறருடைய ஓய்வைத் தம் துறவாகக் கணக்கெழுத முடியாது.

இது பெண்களுக்கு மட்டும் உரியதன்று. மூட்டு வலியுள்ள முதியவர்க்கு மின்தூக்கியும் உயரமான கழிப்பறை இருக்கையும் வசதி அல்ல, தேவை. நோயுற்றவர்க்குக் குளிர்சாதனம் சில வேளை மருந்தாகும். வையாவிருத்தியம் என்பது முனிவர்க்குச் செய்யும் தொண்டு என்றே நாம் பேசி வருகிறோம். களைத்தவர்க்குக் களைப்புத் தீர்ப்பதும் நோயுற்றவர்க்குத் துணை நிற்பதும் அதன் உள்ளம். அவ்வுள்ளம் முதலில் வீட்டில் தொடங்கலாம். எனவே உடல் தளர்ந்தவர் ஒருவரின் ஓய்வே பயணத்தின் நோக்கம் எனின், அதற்குப் பெரிய விடுதிதான் பொருந்தும் எனின், அங்கே தங்குவதில் குற்றம் காணவேண்டியதில்லை. நோக்கம் தெளிவு, அளவும் தெளிவு. பதினைந்து பேர் பார்க்கவேண்டும் என்பதற்காகத் தங்குவதே வேறு.

விடுதியில் நம் அறையைத் துப்புரவு செய்யும் பெண்ணும் யாரோ ஒரு வீட்டின் மருமகள்தான். நம் வீட்டு மருமகளின் ஓய்வு அவளுடைய கூடுதல் உழைப்பாகிவிடாமல் பார்த்துக்கொள்வதும் கணக்கில் சேரவேண்டும். துண்டை ஒருமுறை பயன்படுத்தி எறியாமை, அறையைக் குப்பையாக்காமை, அவளிடம் ஒரு நல்ல சொல், புறப்படும்போது அவள் கையில் ஒரு சிறு தொகை. இவற்றுக்கு எந்த விடுதியிலும் தடை இல்லை.

தருமசாலை பற்றி

சிலர் நட்சத்திர விடுதியைத் தவிர்த்து, திருத்தலங்களில் உள்ள தருமசாலைகளில் தங்கி நகரைச் சுற்றிப் பார்த்து வருகின்றனர். குறைந்த செலவு, தூய உணவு, நம்மவர் சூழல். இது மிகச் சிறந்தது போலத் தோன்றும். இங்கும் சற்று நிற்கவேண்டும். தருமசாலையின் படுக்கை யாரோ ஒருவர் ஈந்த கொடை. வழிபட வரும் யாத்திரிகர்க்கும் பொருளற்றவர்க்கும் என்று கருதி அவர் ஈந்தார். விலை கொடுக்க வல்ல குடும்பம், கடைத்தெருச் சுற்றுவதற்காக அந்த இடத்தை நிறைத்துக்கொண்டால், அன்றிரவு வரும் யாத்திரிகர் வாயிலில் நிற்பார். மலிவு என்பதாலேயே ஒன்று அறமாகிவிடாது. தருமசாலைக்குச் சென்றால் வழிபாட்டுக்காகச் செல்வோம்; துய்த்ததற்குக் குறையாமல் அங்கே கொடுத்து வருவோம்.

போய் வந்த பின்

போகோபபோக பரிமாணத்துக்கு ஐந்து அதிசாரங்களைச் சமந்தபத்திரர் கூறுகிறார். நஞ்சு போன்ற நுகர்வுப் பொருளின்மேல் விருப்பை விடாமை, துய்த்து முடிந்ததை மீண்டும் மீண்டும் நினைத்தல், துய்க்கும்போது பேராசை, இனி வரப்போவதற்கு ஏங்குதல், அளவிறந்து அதில் தோய்தல் என்பன அவை. இவற்றுள் இரண்டு, அதாவது முடிந்ததை நினைத்தலும் வரப்போவதற்கு ஏங்குதலும், விடுதியை விட்டு வந்த பிறகே தொடங்குகின்றன. கைப்பேசியில் எடுத்த படங்களை உறவினர்க்கெல்லாம் அனுப்புவதும், "அடுத்த முறை இதைவிடப் பெரியது" என்று பிள்ளைகள் கேட்பதும் எதில் அடங்கும் என்று நாம் சொல்லவேண்டியதில்லை. இரண்டு நாள் தங்கினோம். ஆனால் அது எத்தனை நாள் நம்முள் தங்குகிறது என்பதே கேள்வி.

அன்பர்கள் பயணத்துக்கு முன் குடும்பத்துடன் அமர்ந்து நான்கு செய்திகளை எழுதிக்கொள்ளலாம். எதற்காகச் செல்கிறோம்? நம்மில் மிகவும் களைத்தவர் யார், அவர்க்கு என்ன வேண்டும்? உணவு, நீர், படுக்கை, ஊர்தி ஆகியவற்றில் இரண்டு நாளுக்கு நம் அளவு என்ன? இப்பயணத்தின் செலவோடு பிறர் தங்குமிடத்துக்கு நாம் ஒதுக்குவது எவ்வளவு? களைத்தவரின் சொல்லுக்கு மற்றவர் சொல்லைவிட ஒரு படி மதிப்புத் தரவேண்டும். குழந்தைகளையும் உடன் அமர்த்திக்கொள்ள வேண்டும். அளவு கட்டுவதை அவர்கள் நூலில் படிப்பதைவிட இங்கே நன்கு கற்பர்.

இவ்வாறு எழுதிப் பார்த்ததில், எங்கள் இல்லத்தில் சைவ உணவகம் உள்ள, மின்தூக்கி உள்ள, தூய்மையான நடுத்தர விடுதியே போதும் என்று முடிவாயிற்று. அடுப்பு இல்லை என்பது முதல் நிபந்தனை. மீந்த தொகையின் ஒரு பகுதி திருத்தலத் தருமசாலை ஒன்றின் படுக்கைகளுக்கு என்று எல்லோரும் ஒப்புக்கொண்டனர். வேறு குடும்பத்துக்கு வேறு முடிவு வரலாம். பெரிய விடுதியில் அளவோடு தங்கி வருவோரும் உளர். சிறிய அறையில் அளவிறந்து துய்த்து வருவோரும் உளர். ஆயினும் பொதுவாகக் கூறின், ஊரைக் காண்பதற்காகச் செல்லும் இரண்டு நாள் பயணத்துக்கு ஆடம்பர விடுதி பெரும்பாலான நம் குடும்பங்களுக்குத் தேவைப்படாது. அது தரும் பலவற்றுக்கு அங்கே நேரமும் இராது.

இறைவன் அருளிய அறம் வீட்டிலும் வழியிலும் ஒன்றே. ஊர் மாறலாம், படுக்கை மாறலாம்; நாமே கட்டிய அளவு மாறாதிருக்கட்டும்.

வாழ்க நல்லறம்.